ராக்கையாவுக்கு யார் அழுவது?

1. பிணம் பிளேன்டி கேட்டது

பிணம் எழுந்து உட்கார்ந்து, "பிள்ளை, ஒரு பிளேன்டி கிடைக்குமே?" என்று பால் விடாத தேநீர் ஒன்றை என்னிடம் கேட்டது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். இயக்குநர் பாஹிம் தலையில் கைவைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைப் படியில் உட்கார்ந்துவிட்டான். அன்று காலையில் இருந்து எத்தனையாவது தடவை இப்படி நடக்கிறது என்று எண்ணுவதைக் கேமராக்காரர் நுவன் நிறுத்தியிருந்தார்.

இடம், றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மண்சரிவு அபாயம் என்று ஆட்களை வெளியேற்றிவிட்ட பழைய லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை. அதில் ஒரு காம்பரா அறையைக் கூட்டிக் கழுவி, எழவு வீடாக மாற்றியிருந்தோம். ஆட்கள் வாழும் வீட்டில் இல்லாத சாவுக்கு அழுவது கூடாது என்று தோட்டத்தில் ஒருவரும் வீடு தரவில்லை. அது நியாயம்தான், நானும் தந்திருக்க மாட்டேன். பாயில் கிடத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நாடிக்கு வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் ஒரு நாணயமும் ஒட்டியிருந்தோம். எல்லாம் சரியாக இருந்தது, பிணத்தின் முகத்தைத் தவிர. அந்த முகம் நாட்டில் தமிழ் பேசுகிற எல்லாருக்கும் தெரிந்த முகம்.

நான் இந்தத் தொழிலில் காஸ்டிங் பார்ப்பவள். எந்த வேஷத்துக்கு எந்த முகம் என்று தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் டெலிபோன் எடுக்கப் போய், அங்கே வந்து போகிற நடிகர்களின் பெயரையும் குணத்தையும் ஞாபகம் வைத்திருந்த ஒரே காரணத்தால் இதற்குள் வந்தவள். டெலிடிராமா, விளம்பரம், சின்னப் படம் என்று நிறையப் பார்த்தாயிற்று. இப்போது இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிற பிள்ளைகள், "பேர் தெரிஞ்ச ஆட்களைச் சின்னப் படத்துக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு வாறீங்க?" என்று கேட்கிறார்கள். கூட்டிக்கொண்டு வருவது லேசு. வந்த பிறகு நடப்பதுதான் கதை. அதற்கு இந்த ஒரு நாளைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

அந்த நாளில் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வெளிச்சம் மங்குவதற்குள் அந்தப் பெண்கள் அந்த மனிதருக்காக அழ வேண்டும். அவர் அடுத்த நாள் வெளிநாடு போகிறார். அழுகை இல்லாவிட்டால் காட்சி இல்லை, காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை.

2. அறிஞ்ச மொகம்

பாஹிம் பெல்மதுளைப் பையன். புடவைக் கடைக் குடும்பம். முதல் படம். கதை சின்னது: லயத்தில் ஒரு தகப்பன் இறந்துபோகிறார், அவரை அடக்கம் செய்கிற வரை அந்தக் குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் படம். எனக்குப் பிடித்திருந்தது. நடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்கள்தான் என்று அவன் சொன்னபோது இன்னும் பிடித்தது. நான் பிறந்த பக்கம் அது. அங்கே எந்த லயத்தில் யார் நன்றாகப் பேசுவார், யார் கேமராவைக் கண்டால் விறைத்துப் போவார் என்று எனக்குத் தெரியும்.

பணம் போட இருந்தவர் அவனுடைய மாமா. மாணிக்கக்கல் வியாபாரி. அவர் திரைக்கதையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மகன், நீ நல்லா எடுப்பாய், அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா போஸ்டர்ல யார்ட மொகம் ஈக்கப் போற? அறிஞ்ச மொகம் ஒண்டு இல்லாட்டி படம் ஓட்டுற ஹோல்காரன் கதவத் தொறக்க மாட்டான். ஒரே ஒரு அறிஞ்ச மொகம் கொண்டு வா. மத்ததெல்லாம் ஒன்ட விருப்பம்."

பாஹிமுக்குக் கோபம். எனக்குக் கோபம் இல்லை. கல் வியாபாரம் செய்கிறவருக்குத் தெரியும், வாங்க வருகிறவன் முதலில் தனக்குத் தெரிந்த கல்லைத்தான் கையில் எடுப்பான்.

சரி, யார்? இந்தியாவில் இருந்து நடிகர் கொண்டு வர எங்களுக்கு வசதி இல்லை. சிங்கள டெலிடிராமாவில் பெரிய முகங்கள் உண்டு, நல்ல மனிதர்களும் உண்டு, ஆனால் தமிழை டப்பிங்தான் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பொதுவாகத் தெரிந்த தமிழ் முகம் என்று யோசித்தால் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். பத்மராஜா. உண்மைப் பெயர் அதுவல்ல, இந்தக் குறிப்புக்காக நான் வைத்த பெயர்.

பத்மராஜா நகைச்சுவை நடிகர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொழும்பில் வளர்ந்தவர். அவரைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு வேஷம்: ராக்கையா. தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, பஸ் தெரியாமல், லிஃப்ட் தெரியாமல், முட்டி மோதிக்கொண்டு திரிகிற ஓர் அப்பாவி. தலையில் துண்டு, ஒரு பழைய கோட்டு, குனிந்த முதுகு. எது நடந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பா இருந்தா அடிங்க தொரை!" என்பான். அந்த ஒரு வசனத்துக்கு முதலில் வானொலி, பிறகு மேடை, பிறகு டீவி என்று எல்லா இடத்திலும் கைதட்டல். எங்கள் லயத்திலும் சிரித்தோம். என் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

பெயரைச் சொன்னதும் பாஹிம் பதறினான். "அக்கா, அவரப் போட்டா ஆக்கள் சிரிப்பாங்களே!"

"படம் முழுக்க அவர் பிணம்டா. பிணத்தைப் பார்த்து யார் சிரிப்பாங்க?" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

பேர் தெரிந்த நடிகரைப் பிடிக்க நான் கண்ட வழி இதுதான். அவர் ஏற்கெனவே செய்து களைத்ததையே மறுபடி கேட்டால் மேனேஜருடைய நம்பரைத் தருவார். யாரும் அவரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டால் அவரே பேசுவார். பத்மராஜாவிடம் நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, ஒரு தோட்டத்துத் தகப்பன். செத்துப் போயிட்டார். வசனம் இல்லை. உங்களுக்காக ஊரே அழணும்" என்றேன்.

 போனின் மறுமுனையில் இருந்து சொன்னார்: "பிள்ளை, சாகிறதுக்கு எண்டு என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. காசைப் பற்றிப் பிறகு கதைப்பம். திங்கட்கிழமை நான் கனடாவுக்குப் போறன், மேடை நிகழ்ச்சி. அதுக்கு முதல் ஒரு ஞாயிறு தரலாம்."

ஞாயிறு எங்களுக்கும் தோதுதான். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அன்றுதான் வேலை இல்லை.

3. ஒரு தெரு, இரண்டு பக்கம்

கதையோடு இதற்குச் சம்பந்தம் குறைவு, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போகிற வழியில் பெல்மதுளைச் சந்தியில் வேனை நிறுத்தினோம். பத்மராஜா இறங்கிக் காலாற நடந்தார். தெருவின் இந்தப் பக்கம் சிங்களக் கடைகள். ஒருவரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஓர் அம்மா தன் பையை அவர் காலில் இடித்துவிட்டு, நகருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் ஒரு கண்ணாடிக் கடை வாசலில் நின்று நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். அவர் தோள் இவ்வளவு நிமிர்ந்ததா என்று நான் அப்போதுதான் கவனித்தேன்.

தெருவைக் கடந்தோம். அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடம். யாரோ ஒருவர், "டேய், ராக்கையாடா!" என்றார். அடுத்த நொடி கூட்டம். "தப்பா இருந்தா அடிங்க தொரை!" என்று நாலு பக்கமும் சத்தம். பத்மராஜா வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் முதுகு குனிந்துவிட்டது. அவர் குனிந்தார் என்று சொல்ல முடியாது, முதுகு தானாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கையைக் கட்டி, வசனத்தைச் சொல்லி, போட்டோவுக்கு நின்று, வேனில் வந்து ஏறினார்.

ஒரே ஆள், ஒரே தெரு. சிங்களக் கடைகளின் பக்கம் யாருக்கும் தெரியாத ஓர் ஆள், இந்தப் பக்கம் ராக்கையா. முகங்களை வைத்துப் பிழைக்கிற எனக்கு இது பெரிய வியப்பு. அவரிடமே கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்கட தோட்டத்திலயும் இப்பிடித்தான் கத்துவினமோ பிள்ளை?"

"அன்புதானே அண்ணே."

"ஓம், அன்புதான்" என்று சொல்லிவிட்டு வளைவுக்கு வளைவு ஏறுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

4. சிரிக்காத ஒருத்தி

தோட்டத்தில் கத்தவில்லை. மரியாதையாக வரவேற்றார்கள், சந்தனம் வைத்தார்கள், பொன்னாடை கூடப் போர்த்தினார்கள். பிணமாகப் படுக்கப் போகிறவருக்குப் பொன்னாடை. அதுவரை எல்லாம் சரி. அவர் பாயில் படுத்துக் கண்ணை மூடியதும் யாரோ ஓர் இளம்பெண் 'களுக்' என்றாள். அவ்வளவுதான். ஓர் அடுப்பில் பிடித்த தீ அடுத்த அடுப்புக்குப் போனதுபோல் காம்பரா முழுக்கச் சிரிப்பு.

பாஹிம் கெஞ்சினான். நான் அதட்டினேன். அந்தப் பெண்களுக்கே சங்கடம்தான். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார்கள். டேக் போனதும் ஒருத்தியின் தோள் குலுங்கும், அழுகிறாள் என்று நுவன் கேமராவைத் திருப்புவார், பார்த்தால் சிரிக்கிறாள். மத்தியானம் ஆனது. பத்மராஜா ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து ஏதாவது பகிடி, அதாவது நகைச்சுவை, சொல்லிச் சமாளித்தார். அவர் சமாளிக்கச் சமாளிக்கச் சிரிப்பு கூடியது. நான் பிளேன்டியை நீட்டினேன். "என்னைப் பார்த்தால் ஒருத்தருக்கும் அழுகை வராது போல பிள்ளை" என்றார். அதை மட்டும் அவர் பகிடியாகச் சொல்லவில்லை. 

காஸ்டிங் வேலையில் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கூட்டத்தில் எல்லாரும் ஒன்றைச் செய்கிறபோது அதைச் செய்யாத முகத்தைத் தேடும். மாரியாயி சிரிக்கவில்லை. காலையில் இருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

இந்தப் படத்துக்கு நான் முதன்முதலாகத் தெரிவு செய்தது மாரியாயியைத்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். அவள் படிப்பை விட்டுக் கொழுந்துக்குப் போனாள், நான் மேலே படிக்க இரத்தினபுரிக்குப் போனேன். சுற்றுவட்டத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவள்தான் முன்னால். அவள் தொடங்கினால் மற்றப் பெண்கள் தொடர்வார்கள். அன்று அவள் தொடங்கவே இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். சிரிப்பில்தான் சிக்கல் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளை லயத்துக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏன் மாரியாயி, ஒனக்குச் சிரிப்பும் வரல, அழுகையும் வரல?"

"சிரிக்கிறதுக்கு என்னா இருக்கு?" என்றாள். "அழணும்னா மொற வேணும் தேவி. ராக்கையாவுக்கு என்னா மொற வச்சு அழுவ?"

"அவரு ராக்கையா இல்லடி. கதையில அவரு பேரு முத்துசாமி."

"அது ஒனக்கு. ஒங்க பாஹிம் தம்பிக்கு. எங்களுக்கு அவரு ராக்கையாதான்."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டும். எங்கள் லயங்களில் எழவு வீட்டுக்குள் நுழைகிற பெண்ணின் வாயில் இருந்து முதலில் வருவது உறவுமுறைதான். அப்பா, அண்ணே, மாமா, மச்சான், ஏதோ ஒன்று. அந்தச் சொல் கிடைத்தால்தான் அடுத்த வரி வரும். சும்மா கண்ணைக் கசக்குவது அழுகையில் சேர்த்தி இல்லை. முறை சொல்லி அழுகிறவளுக்கு ஓர் உரிமையும் உண்டு. செத்தவர் மேல் என்ன குறை இருந்தாலும் அவர் முகத்துக்கு நேரே பாட்டாகச் சொல்லலாம். குடித்து அழித்தது, கைநீட்டியது, தங்கச்சியை எட்டிப் பார்க்காதது, எதுவானாலும். புருஷன்காரன் நிற்கிறான், மாமியார் இருக்கிறாள் என்று அந்த நேரம் பார்க்க வேண்டியதில்லை. ஒருவரும் தடுக்க மாட்டார்கள். செத்தவரும் எழுந்து பதில் சொல்ல முடியாது.

"சரி, என்னா விசயம்? சொல்லு" என்றேன்.



"எம்மகன் கொழும்புல ஹார்ட்வெயார் கடையில நிக்கிறான்ல? அங்க அவன் பேரு என்னா தெரியுமா? ராக்கையா. மொதலாளிக்கும் ராக்கையா, கூட நிக்கிற பயகளுக்கும் ராக்கையா, ஆணி வாங்க வாறவனுக்கும் ராக்கையா. நான் வச்ச பேரு ஐடென்டி கார்டுல மட்டுந்தான் இருக்கு. இவன் வாயத் தொறந்து நம்ம பேச்சுப் பேசுனா, 'அடிங்க தொரை சொல்லுடா'ன்னு கேப்பாங்களாம். இப்ப எங்கிட்டயும் போன்ல நம்ம பேச்சுப் பேசுறதில்ல தேவி. யாரோ ஆபீஸ் கிளாக்கர் மாதிரி, 'சுகமாக இருக்கிறீர்களா'ன்னு கேக்குறான். பெத்தவகிட்ட."

 

"அப்புறம் ஏன் நடிக்க வந்த?" என்றேன்.

"நீ கூப்பிட்ட, வந்தேன். அதோட, ஆளு நேர்ல எப்படி இருப்பாருன்னு பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தா பாவமா இருக்காரு. அதான் ஒண்ணும் வர மாட்டேங்குது."

பிறகு அவளாகவே சொன்னாள். "அழுவேன். ஆனா எழுதிக் குடுத்தத அழ மாட்டேன். எனக்கு வாறதத்தான் சொல்லுவேன். நடுவுல நிப்பாட்டக் கூடாது. பொணம் எந்திரிக்கக் கூடாது."

5. மினிய அண்டனவா

இதை அவரிடம் மறைத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பாயில் படுத்திருக்கிறவருக்குத் தெரியாமல் ஓர் ஆளை வைத்துத் திட்ட விடுவது காஸ்டிங் இல்லை, கயவாளித்தனம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மாரியாயி சொன்னதை, மகன் கதை உட்பட, அப்படியே சொன்னேன். "அவ உங்களைக் குத்தம் சொல்லி அழுவா அண்ணே. வேண்டாம்னா வேண்டாம். வேற காட்சி யோசிக்கலாம்."

அவர் நாடித் துணியை விரலால் நெருடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடையில இருந்து பார்த்தால் முன்வரிசை மட்டுந்தான் தெரியும் பிள்ளை. சிரிக்கிற ஆக்கள்தான் முன்வரிசையில இருப்பினம்" என்றார். "சொல்லட்டும். இவ்வளவு காலமும் கைதட்டு மட்டும் கேட்டனான்."

பாஹிமிடம் அதிகம் பேசவில்லை. "ஒரே டேக். கட் சொல்லாதே" என்றேன். மலையின் அந்தப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் சரி என்றான். வேறு வழியும் இருக்கவில்லை.

மாரியாயி வாசலில் இருந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். வந்து தலைமாட்டில் விழுந்து, "ஏ அண்ணே!" என்றாள். அந்தச் சொல் விழுந்ததும் காம்பராவில் சிரிப்பு நின்றது. பொத்தானை அழுத்தி அணைத்ததுபோல் நின்றது. பிறகு பாடினாள். எனக்கு நினைவில் நின்றது இவ்வளவுதான்:

ஆத்தா வச்ச பேரிருக்க
அழகான பேரிருக்க
ஒம்பேரச் சொல்லித்தான், ஏ அண்ணே
ஊரு அவனக் கூப்பிட்டுச்சு

அடிங்க தொரைன்னு சொன்ன
ஆளெல்லாம் சிரிச்சாங்க
அடிச்சவன் மறந்துட்டான், ஏ அண்ணே
அடிபட்டவன் எங்க போவான்

சிரிச்ச பயலுக்கெல்லாம்
சிரிப்போட போயிருச்சு
எம்புள்ள நாக்குலதான், ஏ அண்ணே
எம்பேச்சும் செத்துருச்சு

காலையில் இருந்து சிரித்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். முதலில் 'களுக்' என்றவள்தான் எல்லாருக்கும் மேலாக அழுதாள். அவளுடைய தம்பியும் கொழும்பில்தான் நிற்கிறான் என்று பிறகு தெரிந்தது. நானும் அழுதேன், மானிட்டரைப் பார்க்கவே இல்லை. எனக்குள் ஓர் ஓரத்தில் மட்டும் ஓர் ஆச்சரியம் ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவதற்காக அவள் தேர்ந்தெடுத்த முறை அண்ணன். யாரோ ஒருவனாக வைத்து அவரைத் திட்டியிருக்கலாம். அந்நியனிடம் குறை சொல்ல எங்கள் ஒப்பாரியில் வழி இல்லை. குறை சொல்வதற்கே அவரை உறவாக்க வேண்டியிருந்தது.

அப்போது நுவன் என் காதோரம் சாய்ந்து, "மிஸ், மினிய அண்டனவா" என்றார். சிங்களத்தில், பிணம் அழுகிறது என்று அர்த்தம். நுவனுக்குப் பாட்டில் ஒரு வரியும் புரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது குளோஸப் மட்டும்தான். பார்த்தேன். பத்மராஜா கண்ணைத் திறக்கவில்லை, உதடு அசையவில்லை, சொன்னபடி எழுந்திருக்கவும் இல்லை. மூடிய இமைக்குள் இருந்து கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. பாஹிம் கட் சொல்ல மறந்து நின்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, இத வெச்சிக்க ஏலாதே. பொணம் அழுவுதே" என்றான். தொழில் என்று வந்தால் அவன் சொன்னது சரிதான். அது ஓர் என்ஜி டேக், படத்தில் சேர்க்க முடியாத டேக். நான் பார்த்ததிலேயே நல்ல என்ஜி.

பத்மராஜா எழுந்து உட்கார்ந்தார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. நாடித் துணியை அவிழ்த்தார்.

"தங்கச்சி, உங்கட மகன்ர பேர் என்ன?"

"பாண்டியன்."

"பாண்டியன்" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு துணியை மறுபடி கட்டச் சொல்லி என்னிடம் நீட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இரண்டாவது டேக்குக்கு அதே பாட்டைப் பாடச் சொல்லிப் பாஹிம் கேட்டான். மாரியாயி மறுத்துவிட்டாள். "அந்தக் குத்தத்தச் சொல்லியாச்சு தம்பி. சொன்னதத் திருப்பித் திருப்பிச் சொல்ல நான் என்னா ரெக்கார்டா?" அதன்பிறகு, கூடப் பிறந்த அண்ணனை இழந்த தங்கச்சி எப்படி அழுவாளோ அப்படி அழுதாள், குறை ஒன்றும் சொல்லாமல். இந்த முறை பிணம் பிணமாகக் கிடந்தது. படத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான். மழை தகரத்தில் விழுகிற சத்தம்கூட நாங்கள் சேர்த்தது இல்லை.

6. முகம் வெறுமையாக வருவதில்லை

படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஓடியது, பெரிதாக இல்லை. கொழும்பில் ஒரு சினிமா ஹோலில் நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பத்மராஜா முகம் திரையில் வந்ததும் வழக்கம்போல் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு மாரியாயியின் "ஏ அண்ணே" வந்தது. அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, பாதியிலேயே காணாமல் போனது. பாஹிமின் மாமா வெளியே வந்து, "அறிஞ்ச மொகத்த அறியாத மொகமா ஆக்கிட்டீங்களே" என்றார். அது பாராட்டா, முறைப்பாடா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு நான் வேலை செய்கிற விதம் மாறியது. முன்பெல்லாம் ஒரு நடிகர் என்றால் நடிப்பு, கிடைக்கிற தேதி, சம்பளம், குணம் நான்கையும் விசாரிப்பேன். இப்போது ஐந்தாவதாக ஒன்றையும் விசாரிக்கிறேன். இந்த முகம் இதற்கு முன் இந்த ஊரில் என்ன செய்தது? தெரிந்த முகம் ஒருநாளும் வெறுமையாக வருவதில்லை. அது சிரிக்க வைத்தது, நோக வைத்தது எல்லாவற்றையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் வரும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கேமராவை வைத்தால், எந்தக் காட்சி எடுக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டிருப்போம். கேட்டுத் தெரிந்துகொண்டால் சில நேரம், நாம் எழுதியதைவிடப் பெரிய காட்சி அங்கேயே இருக்கும்.

இனி, அன்று சாயந்தரம் நடந்தது.

மழை விட்டதும் பெண்கள் எல்லாரும் பீலிக்கரைக்குப் போனார்கள். பீலி என்றால் மலையில் இருந்து வருகிற தண்ணீரைக் குழாய் வைத்து விழ விடுகிற இடம். எழவு வீட்டில் இருந்தவர்கள் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. அது படமாக இருந்தாலும் அவர்கள் அழுதது மெய்யாகத்தான், அதனால் குளித்தார்கள். பத்மராஜா வேனில் ஏறப் போனார். ஈரத் தலையோடு மாரியாயி மேலே வந்தாள்.

"அண்ணே, எங்க கெளம்பிட்டீங்க? ராக்கையாவுக்கு அழுதாச்சு. எழவு வீட்டுல இருந்தவங்க தலைக்கு ஊத்தாமப் போகலாமா? நீங்களும் ஊத்திட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார்.  செத்தவருக்கு யாரும் போய்க் குளி என்று சொல்வதில்லை, உறவுக்காரருக்குத்தான் சொல்வார்கள். அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தச் சறுக்குப் படியில் மெதுவாக இறங்கிப் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சில நாள் கழித்துக் கனடாவில் இருந்து போன் வந்தது. நிகழ்ச்சி எப்படி என்று கேட்டேன்.

"எல்லாரும் ராக்கையாவைக் கேட்டுக் கத்தினவை பிள்ளை. நான் மைக்கைப் பிடிச்சுச் சொன்னனான், ராக்கையா செத்துப் போனான், றக்வானைப் பக்கத்துச் சனம் அழுது தலைமுழுகியும் விட்டுது எண்டு."

"சொல்லிட்டீங்களா? ஆட்கள் என்ன செய்தாங்க அண்ணே?"

"பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டினம். விழுந்து விழுந்து சிரிச்சினம் பிள்ளை."